பெட்டியைத் திறக்கும் முன் அத்தையைக் கேளுங்கள்: வழிவழியாக வந்த காசுகளைப் பேணும் முறை

அப்பாவின் காரியமெல்லாம் முடிந்த பிறகு டிரங்குப் பெட்டி என்னிடம் வந்தது. "நீதாங்கா இதெல்லாம் பாத்துக்குவ" என்று தம்பியே தூக்கிக்கொண்டு வந்து வைத்தான். உள்ளே மூன்று சுருக்குப்பைகளும் ஒரு போர்ன்விட்டா டப்பாவும் இருந்தன. எங்கள் வீட்டில் நான்கு தலைமுறையாகச் சேர்ந்த காசு அவ்வளவும் அதற்குள்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் கட்டில் விரிப்பைத் தரையில் விரித்து, நான்கையும் ஒன்றாகக் கொட்டினேன். வருடவாரியாகப் பிரித்து அடுக்கினேன். சாயங்காலத்துக்குள் வேலை முடிந்துவிட்டது. ரொம்ப ஒழுங்காகச் செய்துவிட்டதாக அன்றைக்கு நினைத்தேன்.

அந்தக் குவியலில் ஏழெட்டுப் பழைய ஒரு ரூபாய்கள் இருந்தன. 1975க்குப் பிறகு வந்த, கொஞ்சம் பெரிய வட்டக் காசுகள். என் சின்ன வயதில் எல்லார் கையிலும் புழங்கியவைதான். ஒன்று மட்டும் வெள்ளைத் துணித் துண்டில் முடிந்திருந்தது. துணியைக் குப்பையில் போட்டுவிட்டு, அந்த ரூபாய்களை மளிகைக்கடைக்குக் கொண்டுபோகும் பர்ஸில் போட்டேன்.

மூன்று வாரம் கழித்து அத்தை வந்தார். பெட்டியைப் பார்த்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி: "ஏத்தா, ஐயாவோட நெத்திக்காசு எங்க?"

ஐயா என்றால் அப்பாவின் அப்பா. 1983இல் அவர் இறந்தபோது நெற்றியில் வைத்த ரூபாயை அப்பத்தா எடுத்துத் துணியில் முடிந்து வைத்திருந்திருக்கிறார். அந்த முடிச்சைத்தான் நான் அவிழ்த்தேன். காசு எந்தக் கடைக்குப் போனதோ, இப்போது எங்கே இருக்கிறதோ.

இந்தக் கட்டுரையை நான் எழுத அதுதான் காரணம். நாணயம் சேர்ப்பதைப் பற்றிச் சொல்ல நிறையப் பேர் இருக்கிறார்கள். வீட்டில் வந்து சேர்ந்த காசை என்ன செய்வது என்பது வேறு விஷயம். கடையில் வாங்கிய காசுக்கு வருடமும் விலையும் இருந்தால் போதும். வீட்டுக் காசுக்கு அது யார் கையிலிருந்து வந்தது என்பதும் வேண்டும். அதை எந்தப் புத்தகத்திலும் தேட முடியாது.

முதல் நாள் எதையும் பிரிக்க வேண்டாம்

பெட்டி கைக்கு வந்ததும் இருக்கிறபடியே படம் எடுங்கள். மூடிய பெட்டி, திறந்த பெட்டி, ஒவ்வொரு பையும் இருந்த இடம், முடிச்சு போட்டிருந்த விதம் எல்லாவற்றையும் எடுங்கள். அப்புறம் ஒவ்வொரு பைக்கும் ஒரு எழுத்து கொடுங்கள்: அ, ஆ, இ. ஒரு பையை முழுதாகப் பார்த்து, எழுதி, திரும்பக் கட்டிய பிறகுதான் அடுத்ததைத் தொட வேண்டும். ஒரு பையின் காசு இன்னொன்றில் கலந்துவிட்டால், மறுபடி பிரிக்கப் பெரியவர்களின் நினைவை விட்டால் வேறு வழியில்லை. காசோடு கிடைக்கும் துணி, காகிதச் சுருள், மஞ்சள் நூல் எதையும் எறிய வேண்டாம். அது குப்பையா சாட்சியா என்று அன்றைக்கே நமக்குத் தெரியாது.

அடுத்து, வீட்டுப் பெரியவர்களிடம் போங்கள். "நம்ம குடும்பக் கதையைச் சொல்லுங்க" என்று கேட்டால் யாருக்கும் வாய் வராது. காசைக் கையில் கொடுத்துவிட்டு நாம் சும்மா இருக்க வேண்டும். என் அத்தைக்குக் கண் சரியாகத் தெரியாது. ஆனால் சதுரமான ஒரு செம்புக்காசைக் கையில் வைத்ததும் கட்டைவிரலால் ஒரு தடவு தடவிவிட்டுச் சிரித்தார். "இதுதான் என் பாண்டிச் சில்லு" என்றார். ஐயா பினாங்கிலிருந்து கொண்டுவந்த ஒரு காசு அது. மலாயாவில் 1939 முதல் 1941 வரை ஆறாம் ஜார்ஜ் தலையோடு வந்த சதுரக் காசு. வட்டக் காசு தரையில் உருண்டு கோட்டைத் தாண்டிவிடும், சதுரம் விழுந்த இடத்தில் நிற்கும் என்பதால் அத்தையும் தோழிகளும் அதை வைத்துத்தான் பாண்டி ஆடியிருக்கிறார்கள். ராஜா தலைக்குக் குறுக்கே ஓடும் கீறல்களைப் பார்த்து, யாரோ கெடுத்துவிட்டார்கள் என்று அதுவரை நினைத்திருந்தேன். அத்தனையும் எங்கள் வாசல் மண் போட்ட கோடு!

பேசும்போது போனில் பதிவு செய்துகொள்ளுங்கள். எழுத ஆரம்பித்தால் பெரியவர்கள் நம் எழுத்துக்காகக் காத்திருந்து பேச்சைச் சுருக்கிவிடுவார்கள். ஒரே மூச்சில் முடிக்கவும் வேண்டாம். அத்தைக்குப் பாதி விஷயம் இரண்டாவது தடவை போனபோதுதான் நினைவுக்கு வந்தது.

எது எந்தக் காசு

எங்கள் பெட்டியில் இருந்ததை வைத்தே, நான் கலந்துவிட்டதை அத்தை நினைவிலிருந்து பை பையாகப் பிரித்துச் சொன்னபடி சொல்கிறேன். தெற்குச் சீமையில் பல வீடுகளில் கிட்டத்தட்ட இதே கலவைதான் இருக்கும்.

முதல் பை பூட்டியுடையது. அதில் ஆறு அம்மன் காசுகள் இருந்தன. புதுக்கோட்டைத் தொண்டைமான் சமஸ்தானம் தனக்கென்று அடித்த செம்புக்காசு இது. விரல் நகம் அளவே இருக்கும். ஒரு பக்கம் புதுக்கோட்டையை ஒட்டிய திருக்கோகர்ணத்துக் கோயில் அம்மன் பிரகதாம்பாள் அமர்ந்திருப்பார். மறுபக்கம் 'விஜய' என்று தெலுங்கு எழுத்தில் இருக்கும். அம்மன் காசு இருபது சேர்ந்தால் ஒரு அணா. நவராத்திரியில் அரண்மனையில் அரிசியோடு இந்தக் காசையும் ஜனங்களுக்குக் கொடுப்பார்கள். தொலைந்த பொருள் கிடைக்க வெல்லம் வைத்து வேண்டிக்கொள்ளும் அரைக்காசு அம்மன் இந்தப் பிரகதாம்பாள்தான், அந்தப் பெயரே காசிலிருந்து வந்ததுதான். கையால் அடித்த பழைய காசுகள் தடியாக, ஒழுங்கில்லாத விளிம்போடு இருக்கும். பின்னால் இயந்திரத்தில் அடித்தவை சரியான வட்டமாக இருக்கும். எங்களிடம் இரண்டு வகையும் இருக்கின்றன. பூட்டி ஒவ்வொரு நவராத்திரிக்கும் நடந்தே போய் அரிசி வாங்கி வந்ததாகவும், அரிசியை அன்றைக்கே உலையில் போட்டுவிட்டுக் காசை மட்டும் முடிந்து வைத்ததாகவும் அத்தை சொல்கிறார். 1948 மார்ச்சில் சமஸ்தானம் இந்தியாவோடு இணைந்தது. அதன்பிறகு பையில் புதுக் காசு எதுவும் சேரவில்லை.

இரண்டாவது பை ஐயாவுடையது. மலாயாக் காசுகளோடு பதினொரு வெள்ளி ரூபாய்களும் இருந்தன. வெள்ளி ரூபாயைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் வீடுகளில் அதிகம் இருப்பதும் அதிகம் ஏமாறுவதும் இதில்தான்.

1835 முதல் 1947 வரை வந்த ஆங்கிலேயர் ரூபாய் எல்லாமே ஒரே எடை: 11.66 கிராம், அதாவது ஒரு தோலா. அரை ரூபாய் 5.83, கால் ரூபாய் 2.92. ஆனால் உலோகம் ஒன்றல்ல. 1939 வரை நூற்றுக்கு 91.7 பங்கு வெள்ளி. 1940 முதல் 1945 வரை பாதிதான் வெள்ளி. 1947 ரூபாயில் வெள்ளியே கிடையாது, முழுக்க நிக்கல். பின்பக்கம் புலி இருக்கும். எடை ஒன்றாக இருப்பதால் தராசு இதைக் காட்டிக்கொடுக்காது. ஒரு சின்னக் காந்தத்தைப் பக்கத்தில் கொண்டுபோங்கள். நிக்கல் ஒட்டும், வெள்ளி ஒட்டாது. ஐயாவின் பதினொன்றில் இரண்டு ஒட்டிக்கொண்டன.

விக்டோரியா காசில் 1876 வரை 'குயின்' என்றும், 1877 முதல் 'எம்ப்ரஸ்' என்றும் இருக்கும். 1862 என்று போட்ட ரூபாய் 1862இல் அடித்ததாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. அதே வருடத்தைப் போட்டு அடுத்துப் பத்து வருடத்துக்கு மேல் அடித்துக்கொண்டிருந்தார்கள். பின்பக்கத்தில் இருக்கும் நுண்ணிய புள்ளிகளை எண்ணித்தான் வகை பிரிப்பார்கள். ஐந்தாம் ஜார்ஜின் 1911 ரூபாய்க்குத் தனிக்கதை உண்டு. ராஜாவின் அங்கியில் இருந்த சின்ன யானை பார்க்கப் பன்றி மாதிரி இருக்கிறது என்று எதிர்ப்பு கிளம்பி, வெளியே போகாமல் இருந்ததை உருக்கிவிட்டு, 1912இல் யானையைத் திருத்தி அடித்தார்கள். அதனால் 1911க்குச் சேகரிப்பவர்களிடம் மதிப்பு அதிகம். 1939 ரூபாய் அதைவிட அரிது. அரிது என்பதாலேயே போலியும் அதில்தான் அதிகம். உங்கள் பெட்டியில் 1939 இருந்தால் சந்தோஷப்படுவதற்கு முன் விஷயம் தெரிந்த ஒருவரிடம் நேரில் காட்டுங்கள்.

தேய்ந்த காசில் வருடம் தெரியவில்லையா? அறை விளக்கை அணைத்துவிட்டு, போன் டார்ச்சைக் காசுக்குப் பக்கவாட்டில், கிட்டத்தட்டத் தரையோடு படுக்கிற மாதிரி பிடியுங்கள். நேராக அடிக்கிற வெளிச்சத்தில் தெரியாத எண் சாய்ந்த வெளிச்சத்தில் நிழல் கட்டி எழும்பும். பூட்டியின் காசில் அம்மனின் முகத்தை நான் முதலில் பார்த்தது அப்படித்தான்.

மூன்றாவது பையில் ஐயாவின் வாழைமர நோட்டுகள். ஜப்பான்காரர்கள் மலாயாவைப் பிடித்திருந்தபோது அச்சிட்ட பத்து வெள்ளி, அதாவது பத்து டாலர் தாள், அதில் வாழைமரம் இருக்கும். 1945இல் ஜப்பான் சரணடைந்ததும் வெறும் காகிதமாகிவிட்டது. ஐயா அங்கே கிட்டங்கியில், அதாவது செட்டியார்களின் வட்டிக்கடையில், அடுத்தாளாக (உதவியாளாக) இருந்து சேர்த்த சம்பளத்தில் ஒரு பகுதி அது. ஐயா கடைசிவரை அதைக் கிழித்துப் போடவில்லை.

போர்ன்விட்டா டப்பா அப்பாவுடையது. அப்பா பஸ் கண்டக்டர். தோல்பையில் ஏதாவது வித்தியாசமான காசு விழுந்தால் தன் சட்டைப்பையிலிருந்து அதே தொகையைப் போட்டுவிட்டு அதை எடுத்துக்கொள்வார். 1957 ஏப்ரல் 1இல் அணா போய் நயா பைசா வந்தது. 1964 ஜூனில் 'நயா'வை எடுத்துவிட்டார்கள். டப்பாவில் அந்த இரண்டும் இருந்தன. ஆறு மூலை மூன்று பைசா, தாமரை போட்ட இருபது பைசா, 1964இல் நேரு நினைவாக வந்த ரூபாய், அப்புறம் அணாக் காலத்து ஓட்டைக் காலணா நாலைந்து. 1943 முதல் 1947 வரை நடுவில் ஓட்டையோடு வந்த காசு அது. சந்தையில் இவற்றுக்குப் பெரிய விலை எதுவும் இல்லை. ஆனால் வருடத்துக்குக் கீழே இருக்கும் குறியைப் பார்த்துப் பிரிப்பது நல்ல பொழுது: சின்ன வைரம் இருந்தால் மும்பை, நட்சத்திரம் ஹைதராபாத், பிற்காலக் காசுகளில் உருண்டைப் புள்ளி இருந்தால் நொய்டா, ஒன்றுமே இல்லையென்றால் கொல்கத்தா. அப்பா இதை எனக்குப் பஸ் ஸ்டாண்டில் வைத்துச் சொல்லிக்கொடுத்தார். எனக்கு அப்போது எட்டு வயது.

புளியை எடுக்காதீர்கள்

வெண்கலப் பாத்திரத்தைப் பளபளவென்று தேய்த்து வைப்பது நம் வீட்டுப் பழக்கம். அதே கையோடு காசையும் தேய்க்கத் தோன்றும். பூட்டியின் ஆறு காசில் ஒன்றை நான் புளி போட்டுத் தேய்த்தேன். இரண்டு நிமிடத்தில் புது ரோஜா நிறத்துக்கு வந்தது. காய்ந்த பிறகு பார்த்தால் 'விஜய'வில் பாதியைக் காணோம். செம்பு நூறு வருடமாகத் தன்மேல் போட்டுக்கொண்ட பழுப்புத் தோல்தான் அந்த மெல்லிய எழுத்தைக் காட்டிக்கொண்டிருந்தது. தோலை உரித்ததோடு எழுத்தும் கரைந்தது. மற்ற ஐந்தின் பக்கத்தில் அது இன்றைக்கும் தனியாகத் தெரிகிறது.

புளி, எலுமிச்சை, விபூதி, பாத்திரப் பொடி, பற்பசை, பிராஸோ எதுவும் வேண்டாம். வெள்ளி கறுத்திருந்தால் கறுத்தே இருக்கட்டும். சேகரிப்பவர்கள் தேய்த்த காசை ஒரு பார்வையில் கண்டுபிடித்து விலையைப் பாதியாக்குவார்கள் என்பது ஒரு பக்கம். ஒவ்வொரு தேய்ப்பிலும் உலோகம் போகிறது, போனது திரும்பாது என்பதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது.

மண் அப்பியிருந்தால் டிஸ்டில்டு வாட்டரில் ஒரு நாள் ஊறவைத்து எடுத்து, மெத்தென்ற பருத்தித் துணியில் ஒற்றி எடுங்கள். துடைக்கக் கூடாது, ஒற்ற வேண்டும். பழைய பிளாஸ்டிக் உறையிலிருந்து வந்த பிசுபிசுப்பு இருந்தால் சுத்தமான அசிட்டோனில் கொஞ்ச நேரம் போட்டு எடுக்கலாம். அதுவும் ஜன்னல் திறந்திருக்க, அடுப்புக்குத் தூரமாக. நகப்பூச்சு அழிக்கும் திரவம் ஆகாது, அதில் எண்ணெயும் வாசனையும் கலந்திருக்கும். செம்புக்காசில் கெட்டியான கரும்பச்சை இருந்தால் பயமில்லை. வெளிர்பச்சையாக, தொட்டால் மாவாக உதிர்கிற மாதிரி களிம்பு இருந்தால் அந்தக் காசை உடனே தனியாக எடுத்து ஈரமில்லாத டப்பாவில் போடுங்கள். அது உலோகத்தைத் தின்றுகொண்டே போகும்.

பூஜை விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். வெள்ளிக்கிழமை காசுக்கு மஞ்சள் குங்குமம் வைப்பது எங்கள் வீட்டிலும் உண்டு. அதை நிறுத்தச் சொல்ல எனக்கு மனம் வராது. நான் செய்வது இதுதான்: பொட்டைத் தாம்பாளத்துக்கு வைக்கிறேன். காசை உறையோடு தாம்பாளத்தில் வைத்து எடுக்கிறேன். அத்தையும் சரி என்றுவிட்டார்.

எங்கே, எதில் வைப்பது

காசைக் கையில் எடுக்கும்போது விளிம்பைப் பிடியுங்கள், முகத்தில் விரல் படக் கூடாது. கையைக் கழுவி நன்றாகக் காயவைத்த பிறகு எடுங்கள். கீழே தலையணையோ மடித்த துண்டோ இருக்கட்டும். எங்கள் வீட்டு சிமெண்டுத் தரையில் விழுந்த ஒரு கால் ரூபாயின் விளிம்பு நசுங்கிவிட்டது. உண்மையா போலியா என்று பார்க்கத் தரையில் சுண்டிப் போடும் வழக்கத்தையும் விட்டுவிடுங்கள். காசை விரல் நுனியில் நிறுத்தி, பென்சிலால் மெல்லத் தட்டினாலே நல்ல வெள்ளியின் ஓசை தெரிந்துவிடும்.

கடையில் மலிவாகக் கிடைக்கும் மெத்தென்ற பி.வி.சி. ஆல்பம்தான் காசுக்கு முதல் எதிரி. சில வருடத்தில் அது பச்சைப் பிசினைக் கக்கும். பி.வி.சி. இல்லாதது என்று கேட்டு வாங்குங்கள். அட்டையில் சதுரமாக, நடுவில் மைலார் என்ற தெளிவான பிளாஸ்டிக் தாள் ஜன்னலோடு வரும் உறை போதும். அதன் மேலேயே எழுதிவிடலாம், ஆனால் காசைப் போடுவதற்கு முன் எழுத வேண்டும். ஸ்டேப்பிள் அடித்தால் முள்ளைத் தட்டையாக நசுக்கிவிடுங்கள், இல்லாவிட்டால் பக்கத்துக் காசைக் கீறும். செய்தித்தாளில் சுற்றுவது, ரப்பர் பேண்ட் போடுவது இரண்டும் வெள்ளியைக் கறுக்க வைக்கும். பாச்சை உருண்டையும் உள்ளே வேண்டாம்.

நம் ஊர்க் காற்றில் ஈரம்தான் பெரிய பிரச்சினை, கடலோரமாக இருந்தால் சொல்லவே வேண்டாம். செருப்பு டப்பாவிலும் மாத்திரை பாட்டிலிலும் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலங்களை எறியாமல் சேர்த்து, மூடி இறுக்கமான டப்பாவில் காசோடு போட்டு வைக்கிறேன். குளியலறைச் சுவரை ஒட்டிய பீரோ ஆகாது, சமையலறைப் பரணும் ஆகாது. மதிப்புள்ள ஏழெட்டை மட்டும் வங்கி லாக்கரில் வைத்திருக்கிறேன். மற்றது வீட்டில்தான், கை எட்டும் இடத்தில்.

பழைய சுருக்குப்பைகளை என்ன செய்வது? காசைத் திரும்ப அதில் போட வேண்டாம், ஆனால் பை இருக்கட்டும். பூட்டியின் பையை ஒரு பருத்தித் துணியில் சுற்றி அதே டப்பாவின் அடியில் வைத்திருக்கிறேன். வெற்றிலைக் கறை இன்னும் இருக்கிறது.

நோட்டுப் புத்தகம்

கம்ப்யூட்டரில் எக்செல் போடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் கையால் எழுதிய நோட்டு ஒன்று டப்பாவோடு இருக்க வேண்டும். போன் மாறும், பாஸ்வேர்டு மறக்கும். நோட்டைத் திறக்க அது எதுவும் வேண்டாம். என் நோட்டில் ஒரு பதிவு இப்படி இருக்கிறது:

"எண் ஆ-9. மலாயா, ஒரு காசு (சென்ட்), சதுரம், செம்புக் கலவை, 1940. ஐயா பினாங்கிலிருந்து கொண்டுவந்தது. அவர் 1946இல் ஊர் திரும்பினார். முகப்பக்கம் நெடுகக் கீறல், அத்தை பாண்டி ஆடியது. அத்தை சொல்லக் கேட்டது."

கடைசி வாக்கியத்தை விடாதீர்கள். யார் சொன்னது என்று எழுதினால்தான் பின்னால் வேறு ஒருவர் வேறு மாதிரி சொல்லும்போது ஒப்பிட முடியும். அப்பத்தாவின் கால் ரூபாய் பற்றி அத்தை ஒன்று சொல்கிறார், பெரியப்பா மகன் வேறு சொல்கிறார். இரண்டையும் எழுதி வைத்திருக்கிறேன்.

படத்தை ஜன்னலோரப் பகல் வெளிச்சத்தில், ஃபிளாஷ் இல்லாமல், கறுப்புத் துணி மேல் வைத்து, இரு பக்கமும் எடுங்கள். எடை பார்க்க நகைக்கடைக்குப் போக வேண்டியதில்லை, பத்து மில்லிகிராம் வரை காட்டும் சின்னத் தராசு ஆன்லைனில் மலிவாகவே கிடைக்கிறது. அடையாளம் தெரியாத காசை நியூமிஸ்டா என்ற நாணய இணையதளத்தில் தேடலாம். நேரில் ஒப்பிட வேண்டுமென்றால் சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் நாணயக் கூடம் இருக்கிறது. எங்கள் பக்கத்து ஆட்களுக்குத் திருக்கோகர்ணத்திலேயே அரசு அருங்காட்சியகம் உண்டு. அங்கே கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும் அம்மன் காசைப் பார்த்தபோது அத்தை அங்கிருந்தவரிடம், "எங்க ஆயா வாங்குனதும் இதேதான்" என்று சொல்லிவிட்டு வந்தார்.

விலை கேட்டு வருபவர்கள்

தேய்ந்த சாதாரண வெள்ளி ரூபாய்க்கு வெள்ளி விலையை ஒட்டித்தான் விலை இருக்கும். அதற்காக, கொலுசு மாற்றும்போது பழைய ரூபாயைத் தட்டில் போட்டுவிடாதீர்கள். உருக்கிய பிறகு 1911ஆ 1917ஆ என்று பார்க்க முடியாது. விற்றே ஆக வேண்டிய நிலை வந்தால் குறைந்தது மூன்று இடத்தில் கேளுங்கள், படத்தையும் எடையையும் கையில் வைத்துக்கொண்டு. விற்கும் முன் நோட்டில் எழுதி முடித்துவிடுங்கள். காசு போனாலும் பதிவு வீட்டில் இருக்கும்.

வைஷ்ணவ தேவி படம் போட்ட ஐந்து ரூபாய்க்கு லட்சங்கள் தருவதாக வரும் செய்தியை நம்பாதீர்கள். 2012இல் வெளிவந்து சாதாரணமாகப் புழங்கிய காசு அது. வாங்குவதாகச் சொல்பவர் முதலில் உங்களிடம் கமிஷனோ வரியோ கட்டச் சொல்வார். பணம் போனதும் காணாமல் போவார். ரிசர்வ் வங்கியின் பெயரைச் சொல்லி இப்படி நடப்பதாக அந்த வங்கியே 2021 ஆகஸ்டில் எச்சரித்தது. பணம் போய்விட்டால் தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண் 1930க்கு அழையுங்கள். அரிசியைத் தன் பக்கம் இழுக்கும் அபூர்வ சக்தி உள்ள காசு என்று ஏமாற்ற யாராவது வந்தால் பேச்சை வளர்க்காமல் கதவைச் சாத்துங்கள். ராமர் பட்டாபிஷேகமோ அனுமாரோ ஒரு பக்கம், கிழக்கிந்தியக் கம்பெனி 1818 என்று மறுபக்கம் இருக்கும் காசு பல பூஜையறைகளில் இருக்கிறது. கம்பெனி அப்படி ஒரு காசை அடித்ததே இல்லை. வணங்கி வந்தால் தொடர்ந்து வணங்குங்கள், பணம் கொடுத்து வாங்காதீர்கள்.

நூறு வருடம் தாண்டிய காசு 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி தொல்பொருள். நாமாக வெளிநாட்டுக்கு எடுத்துப்போகவோ அனுப்பவோ கூடாது. தம்பி மகள் சிங்கப்பூரில் வேலை பார்க்கிறாள், பூட்டியின் காசில் ஒன்று வேண்டும் என்று ஆசைப்பட்டாள். அவள் பெயரை எழுதி இங்கேயே வைத்திருக்கிறேன், படத்தைப் பெரிதாக அச்சிட்டு அனுப்பினேன். நிலத்தைத் தோண்டும்போது கிடைத்த காசாக இருந்தால் விஷயமே வேறு. அது குடும்பச் சொத்து ஆகாது, கலெக்டர் அலுவலகத்தில் தெரிவிக்க வேண்டும்.

அடுத்த கைக்கு

பங்கு பிரிக்கும்போது எண்ணிக்கையையோ எடையையோ வைத்துப் பிரிக்க வேண்டாம். முதலில் எல்லாவற்றையும் படம் எடுத்து, நோட்டை நகல் எடுத்து ஆளுக்கு ஒன்று கொடுங்கள். அப்புறம் பை பையாகப் பிரியுங்கள். ஐயாவின் பை ஒருவருக்கு, அப்பாவின் டப்பா இன்னொருவருக்கு. ஒருவரின் சேமிப்பு ஒரே இடத்தில் இருந்தால்தான் அது அவருடையதாக இருக்கும். என் மகளுக்கும் தம்பி பிள்ளைகளுக்கும் எது யாருக்கு என்று தனித்தாளில் எழுதி, தம்பியும் நானும் கையெழுத்துப் போட்டு நோட்டில் ஒட்டியிருக்கிறோம்.

சின்னப் பிள்ளைகளைத் தொடாதே என்று விரட்டினால் பெரிதாகி வந்து தொடவே மாட்டார்கள். அப்பாவின் டப்பாவில் ஒரே மாதிரி நிறைய இருந்த மூன்று பைசாக்களிலிருந்து ஒரு பிடியை அவர்களுக்கென்று ஒதுக்கிவிட்டேன். அடுக்கட்டும், எண்ணட்டும், மேலே காகிதம் வைத்துப் பென்சிலால் தேய்த்து முத்திரை எடுக்கட்டும்.

வருடத்துக்கு ஒருமுறை, நவராத்திரியில், டப்பாவைத் திறக்கிறோம். பூட்டி காசு வாங்கின நாட்கள் என்பதால் அத்தைதான் அதைத் தேர்ந்தெடுத்தார். சிலிக்கா ஜெல்லை மாற்றுகிறேன். ஒவ்வொரு உறையையும் வெளிச்சத்தில் தூக்கிப் புதிதாகப் பச்சை ஏதாவது பூத்திருக்கிறதா என்று பார்க்கிறேன். மகள் நோட்டிலிருந்து எண்ணைப் படிக்கிறாள், தம்பி சரி போடுகிறான். ஐயாவின் பக்கத்தில் பன்னிரண்டாவது ரூபாய்க்கு ஓர் உறை காலியாக இருக்கிறது. அதன் மேல் எழுதியிருப்பது: "ஒரு ரூபாய். வருடம் தெரியாது. ஐயாவின் நெற்றிக்காசு, 1983. அப்பத்தா முடிந்து வைத்தது. நான் செலவழித்துவிட்டேன். அத்தை சொல்லக் கேட்டது." மகள் அந்த எண்ணையும் படிக்கிறாள்.